பூச்சிய வாசிப்பு

அறுபதுக்கு இன்னும் நாலு மாதம்.
மின்சார சபை என் சைக்கிளைக் கேட்காது, அது என்னுடையது.
தோல் பையையும் அடையாள அட்டையையும்தான்
திருப்பிக் கேட்கும்.

ஞானசௌந்தரி அப்புத்தளை என்கிறாள்.
தங்கை வீட்டுக்கு மேலே இரண்டு அறை, தகரக் கூரை, வாடகை குறைவு.
சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து
பாயில் உட்கார்ந்துகொள்ளும்.
நுளம்பு இல்லை. வியர்வை இல்லை.
கரட்டும் லீக்ஸும் வாசலிலேயே.
நானும் அங்கே பிறந்தவன்தான்.
அதற்காக யாரும் படியைக் குறைத்துத் தரப்போவதில்லை.
கடைத்தெருவிலிருந்து அந்த வீட்டுக்கு
நூற்றுப் பதினாறு படி,
போன சித்திரையில் எண்ணினேன்.
எண்பதாவதில் என் இடது முழங்கால்
தனியாக உட்கார்ந்துவிட்டது.

நெடுங்கேணியில் மலை இல்லை.
ஏறித்தான் ஆகவேண்டுமென்றால் குளக்கட்டு இருக்கிறது:
பதினெட்டு எட்டு, நடுவில் ஒரு மூச்சு.
மேலே நின்றால் இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் வயல்,
அதற்கப்பால் காடு,
காட்டுக்கு அப்பாலும் காடு.

கம்பி வந்த வருடம் நானும் மாற்றலாகி வந்தேன்.
எல்லா மீற்றரும் பூச்சியத்தில் தொடங்கின.
மின்விசிறி வாங்கிய வீடு எனக்குத் தெரியும்.
பெட்டி வாங்கி ஐஸ்பழம் விற்கத் தொடங்கிய வீடு,
மகள் விடிய விடியப் படித்த மாதங்கள்,
கலியாணம் நடந்த கிழமை.
ஒரு வீட்டில் மட்டும் எண் நகரவில்லை.
நீல கேற், பூட்டு, முற்றம் முழுக்கத் தேக்கிலை.
நிலைக் கட்டணம் ஒழுங்காய்க் கட்டுப்படுகிறது.
நான் ஒழுங்காய்ப் பூச்சியம் எழுதுகிறேன்.

போன செவ்வாய் அந்த வீட்டுக்காரர் போன் எடுத்தார்.
பத்மலோசனன்; நோர்வேயில் ஏதோ மலையடி ஊர்.
சாவி வைத்திருக்கும் கமலாம்பிகை
என் இலக்கத்தைக் கொடுத்தாளாம்.
“தம்பி, நீங்கள் எல்லா வீட்டுக்கும் போறனீங்கள்.
உண்மையைச் சொல்லுங்கோ.
பென்சன் எடுத்தாப் பிறகு அங்க வந்து இருக்கலாமோ?
இங்க பனி வழுக்குது. ஏற்றமும் ஏலாமக் கிடக்கு.”

உண்மையைச் சொன்னேன்.
கிணற்றுத் தண்ணீரில் கேத்தல் வெள்ளை படியும்,
சிறுநீரகத்துக்குக் கூடாது, குடிக்கிறதுக்குக் கானில் வாங்கவேணும்.
ஆவணியில் தார் றோட்டில் செருப்பு ஒட்டும்.
பெரிய டொக்டர் என்றால் வவுனியா.
யானை மின்வேலியில் மரத்தைச் சாய்த்துவிட்டு வாழைக்கு வரும்,
உங்கள் வாழைக்கும் வரும்.
கடைசி பஸ் ஆறு மணிக்கு. சில நாள் அதுவும் இல்லை.
ஒரு சொல் கூட்டவில்லை.

அவர் வெகுநேரம் பேசவில்லை.
லைனில் காற்று இரைந்தது, அவருடைய மலைக்காற்று.
“அப்ப விக்கிறதுதான் நல்லது போல.”
அல்லது வாடகைக்குக் கொடுக்கலாம், என்றேன்.
என் குரல் எனக்கே கொஞ்சம் அவசரமாய்க் கேட்டது.

சொல்லாமல் விட்டதும் உண்டு.
பின்னேரம் ஐந்தரைக்குக் குளத்தில் எழும்பும் காற்று
அவர் வீட்டு விறாந்தையில்தான் முதலில் இறங்கும்.
சந்தியிலிருந்து கேற் வரைக்கும் ஒரு படி இல்லை.
ஆனியில் பாலைப்பழம், பேணிக் கணக்கில்;
தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும்,
கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் கேட்கமுடியாது.

ஞானசௌந்தரியிடம் இதில் எதையும் சொல்லவில்லை.
“தங்கச்சி அட்வான்ஸ் கேக்குறா, என்னங்க சொல்ல?” என்கிறாள்.
ரெண்டு நாள் பொறு என்கிறேன்.
நாலாவது தடவை ரெண்டு நாள்.

இன்று வாசிப்பு நாள்.
கமலாம்பிகையிடம் சாவி வாங்கி, கேற்றைத் தள்ளி,
இலைகள் நொறுங்க நடந்துபோய்
விறாந்தைச் சுவிற்சைத் தட்டினேன்.
பல்ப் மூன்று தரம் யோசித்துவிட்டு எரிந்தது.
மீற்றருக்குள் தகடு அசைந்தது.
அதன் சிவப்புக் கோடு மெல்லச் சுற்றி வந்து
என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

அட்டையில் பூச்சியம் என்றே எழுதினேன்.
ஒரு யூனிற் ஆவதற்கு
இன்னும் நேரம் இருக்கிறது.